மருத்துவர் எட்டாத ஊரில், மனம் ஒடுங்கிப்போன முதியவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஊரில் இளவயதினர் பெரும்பாலும் வெளியே போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் முதியவர்களில் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போகிறார்கள். பேச்சு குறைந்துவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது, அவர்களில் ஒருவர் கதவைக்கூடத் திறப்பதில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க அரை நாள் பயணம். நீங்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள், வாரத்துக்குச் சில மணி நேரம் தர முடியும். "விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன்: "இதற்கென்று படிக்காத நாங்கள் கை வைத்தால் ஏடாகூடமாகிவிடுமோ?"

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மனநலச் செவிலியர். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை. அதில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. நீங்கள் எழுதியதை வைத்து அந்த ஏழெட்டுப் பேரில் யாருக்கு மனச்சோர்வு, யாருக்கு வேறு ஏதோ என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது: முடியும். மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் ஒழுங்காகப் பயிற்சி பெற்ற, சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிற சாதாரண மனிதர்கள் முதியவர்களின் மனச்சோர்வைக் குறைத்திருக்கிறார்கள். இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல, சோதித்துப் பார்த்தது. கெடுதல் நடக்கிற இடங்களும் உண்டு. ஆனால் நீங்கள் பயப்படுகிற இடத்தில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. தவறாக ஒரு வார்த்தை பேசிவிட்டதால் கெட்டுப்போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாலு வாரம் வந்துவிட்டு ஐந்தாவது வாரம் சொல்லாமல் நின்றுபோனவர்களால் முன்பைவிட இறுகிப்போன முதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை முதலில் ஓரம்கட்டிவிடலாம். குடும்பத்தார் சொல்வார்கள், முதியவரே சொல்வார், சில மருத்துவர்களும் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 6 பேர் மனச்சோர்வு நோயோடு இருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் 94 பேருக்கு அது இல்லை. முதுமைதான் காரணம் என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? நோய் என்று சொல்லுமளவுக்குப் போகாமல் அரைகுறைச் சோர்வில் இருப்பவர்கள் இதைவிட அதிகம். உங்கள் ஆறு பேரால் அதிகம் உதவ முடிவது அந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான்.

முதியவர் ஒருவர் "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று வந்து சொல்வது அபூர்வம். உடம்பைத்தான் சொல்வார். தூக்கம் இல்லை, வயிறு சரியில்லை, கை கால் அசதி, தலை கனம். சிலர் எரிந்து விழுவார்கள். சிலருக்கு மறதி வந்த மாதிரி இருக்கும். எது கேட்டாலும் "தெரியாது, ஞாபகமில்லை" என்பார்கள். மறதி நோய் உள்ளவர் பெரும்பாலும் மறதியை மறைத்து ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவார், சோர்வில் இருப்பவர் முயற்சிகூடச் செய்யாமல் கைவிரிப்பார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அனுபவத்தில் பாதிக்கு மேல் சரியாகத்தான் வருகிறது, ஆனாலும் இதை வைத்து எதையும் தீர்மானித்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாகவே வருவதும் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது மாற்றத்தை. முன்பு ஆசையாகச் செய்த ஒன்றை விட்டுவிட்டாரா? இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி இப்படி இருக்கிறாரா? கணவனோ மனைவியோ போன துக்கத்தில் இருப்பவரும் அழுவார், சாப்பிடாமல் இருப்பார். ஆனால் துக்கம் அலை அலையாக வரும், நடுவில் பழைய கதை ஒன்றைச் சொல்லும்போது முகம் மலரும். சோர்வில் அந்த இடைவெளி இருக்காது.

பேச்சில் எந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை. ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபண்டா 2006இல் தொடங்கிய ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிகள் மருத்துவ நிலைய வளாகத்து பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கதையைக் கேட்டார்கள். மருத்துவப் பெயர்களை அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். 'குஃபுங்கிசிசா' என்ற ஷோனா மொழிச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். 2016இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 573 பேர் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெஞ்சில் பேசியவர்களின் சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அது நடந்தது நகரத்தில், வந்தவர்களும் முதியவர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது சொல்லைப் பற்றிய பாடத்தை மட்டும். 'மனச்சோர்வு', 'மனநோய்' என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். "முன்ன மாதிரி நடமாட்டம் இல்லையே, தூக்கம் வருதா?" என்று கேட்டால் உட்காரச் சொல்வார்கள்.

இனி உடம்பு. எந்த முதியவரையும் மனச்சோர்வு என்று நீங்களாக முடிவு கட்டும் முன் ஒரு சாதாரண மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மனநல மருத்துவர் வேண்டாம், பக்கத்தில் இருக்கிற பொது மருத்துவர் போதும். தைராய்டு சுரப்பு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு, பார்க்கின்சன் நோய் எல்லாம் பார்வைக்கு அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பின்னாலேயே மனச்சோர்வும் வருகிறது. சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள், பட்டியலை நம்பாதீர்கள். காதையும் கண்ணையும் விட்டுவிடாதீர்கள். 'யாரோடும் பேசுவதில்லை' என்று எங்களிடம் வந்தவர்களில் சிலருக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒன்று மட்டும் அவசரம்: நேற்றுவரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினாலோ, ஆளே மாறிப்போய் மந்தமாகக் கிடந்தாலோ, அது பெரும்பாலும் மனச்சோர்வு அல்ல. கிருமித்தொற்றாக இருக்கலாம், உடம்பில் நீர், உப்பு குறைந்திருக்கலாம், மருந்தின் கோளாறாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, சாதாரண ஆட்களால் முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? எனக்கு அதிக நம்பிக்கை தந்தவை மூன்று. ஒன்று கோவாவில் நடந்தது, 2019இல் வெளியானது. 60 வயதைக் கடந்த, நோய் என்று சொல்லுமளவுக்குப் போகாத சோர்வுள்ள 181 பேர். மனநலப் பட்டம் இல்லாத, அதற்கென்றே பயிற்சி தரப்பட்ட ஆலோசகர்கள் அவர்களில் பாதிப் பேரோடு சில வாரம் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பாதியில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் 100க்கு 4 பேர் அளவு. வழக்கமான கவனிப்பில் இருந்த மறுபாதியில் 14. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியதில்லை. இரண்டாவது, சீனாவின் செஜியாங் மாகாணக் கிராமங்களில் நடந்தது. 218 கிராமங்கள், இரத்த அழுத்தமும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த 2,365 முதியவர்கள். கிராம மருத்துவரும், முதியோர் நலனுக்கான ஊர்ப் பணியாளரும், தூரத்தில் இருந்த மனநல மருத்துவரும் ஒரே குழுவாக வேலை செய்தார்கள். வழக்கமான கவனிப்பு கிடைத்த கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் சோர்வு நன்றாகவே குறைந்தது. மூன்றாவது, அமெரிக்காவில் சியாட்டில் வட்டாரத்தில் நடந்த பேர்ல்ஸ் ஆய்வு, 2004இல் வெளியானது. லேசான, நாள்பட்ட சோர்வுள்ள 138 முதியவர்கள், பெரும்பாலும் தனியாக வசிப்பவர்கள். பயிற்சி பெற்ற பணியாளர்கள் அவர்களுடைய வீட்டுக்கே போனார்கள். ஒரு வருடத்தில் சோர்வு பாதிக்குப் பாதி குறைந்தவர்கள் 43 சதவீதம், மற்றவர்களில் 15 சதவீதம்.

இந்த மூன்றிலும் இருக்கிற ஒற்றுமையைத்தான் உங்களிடம் கொடுக்க விரும்புகிறேன். யாரும் சொற்பொழிவு நடத்தவில்லை. யாரும் "மனசைத் தேத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு வரவில்லை. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஆள், திரும்பத் திரும்பப் போனார். போகும்போது கையில் ஒரு வேலை இருந்தது. முதியவரின் பெரிய துயரத்தைத் தீர்ப்பது அந்த வேலை இல்லை. இந்த வாரம் அவரைத் தடுக்கிற ஒரு சின்ன விஷயத்தை அவரோடு சேர்ந்து கண்டுபிடித்து, அதை அவரே அசைக்கும்படி செய்வதுதான் வேலை. கூடவே, குணம் தெரிகிறதா என்று யாரோ கணக்கு வைத்தார்கள், தெரியாவிட்டால் அடுத்த படிக்கு அனுப்பினார்கள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி சொல்கிறேன். நான் பார்த்த பலரைக் கலந்து செய்த மாதிரி, தனி ஆள் இல்லை. எழுபத்தைந்து வயதுப் பெண்மணி, தனியாக இருக்கிறார். என்ன கேட்டாலும் "இனிமே என்ன இருக்கு" என்பார். முதல் இரண்டு தடவை போய் உட்கார்ந்து கேட்பதோடு சரி. மூன்றாவது தடவை, "நேற்று காலையிலிருந்து ராத்திரிவரை எப்படிப் போச்சு, ஒண்ணொண்ணா சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள். அப்போதுதான் வெளிவருகிறது: கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கிறது, ராத்திரி இருட்டில் விழுந்துவிடுவோமோ என்று பயம். அதனால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. தூக்கமும் இல்லை. தூக்கம் இல்லாததால் பகலெல்லாம் படுக்கை. படுக்கையில் கிடப்பதால், மூன்று வீடு தள்ளி இருக்கிற தோழி வீட்டுக்குப் போவது நின்றுபோய் நாலு மாதம் ஆகிறது. தோழி கோபித்துக்கொண்டுவிட்டதாக இவர் நினைக்கிறார். இவர் கோபித்துக்கொண்டுவிட்டதாகத் தோழி நினைக்கிறார். 'இனிமே என்ன இருக்கு' என்பதற்கு யாராலும் தீர்வு சொல்ல முடியாது. இருட்டுக்குச் சொல்லலாம். வாசலில் ஒரு விளக்கு, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி.

ஆனால் விளக்கை நீங்களே மாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "என்னென்ன செய்யலாம்?" என்று அவரிடமே கேளுங்கள். மூன்று நான்கு யோசனை அவர் வாயிலிருந்து வரட்டும், அபத்தமானது உட்பட. எது சுலபம், எதில் என்ன தொந்தரவு என்று பேசுங்கள். ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதுவரை தீர்மானியுங்கள். சிக்கல் தீர்க்கும் பயிற்சி என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான். கேட்க எளிமையாக இருக்கும். செய்யும்போது உங்கள் நாக்கு அரிக்கும், நீங்களே தீர்வைச் சொல்லிவிடத் தோன்றும். அதை அடக்குவதுதான் பயிற்சியில் கஷ்டமான பகுதி.

இதோடு சேர்ந்த இன்னொன்று, செயலில் இறக்குவது. மனசு சரியானதும் எழுந்து நடக்கலாம் என்று சோர்வில் இருப்பவர் காத்திருப்பார். நாம் அதைத் திருப்பிப்போடுகிறோம்: மனசு எப்படி இருந்தாலும் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குத் தோழி வீட்டுத் திண்ணைவரை போய்விட்டு வருவது. காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் போய் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும், மறக்கவே கூடாது. போகவில்லை என்றால் "ஏன் போகலை?" என்று கேட்காதீர்கள். நாம் வைத்த படி உயரமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாதியாக்குங்கள். தெருவரை போய்த் திரும்பட்டும். அதுவும் முடியவில்லையா, வாசலில் பத்து நிமிடம் உட்காரட்டும். தூக்கத்துக்கும் இதே வழிதான். பல முதியவர்கள் எட்டு மணிக்கே படுத்துக் காலை ஏழுவரை படுக்கையில் புரள்கிறார்கள். பதினொரு மணி நேரத்தில் ஐந்து மணி நேரத் தூக்கம். படுக்கப்போகும் நேரத்தைத் தள்ளிப்போடுவது, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுந்துவிடுவது, விழித்தபடி நெடுநேரம் படுத்துக் கிடக்காமல் எழுந்து உட்காருவது என்பதைப் பலருக்கு ஓரளவு பழக்கிவிடலாம். கோவா ஆய்விலும் தூக்கத்துக்கான பயிற்சி ஒரு பகுதியாக இருந்தது. விழுந்துவிடும் அபாயம் உள்ளவருக்கு மட்டும் ராத்திரி எழுந்து உலாவச் சொல்லாதீர்கள்.

விழிப்புணர்வுக் கூட்டம் பற்றிக் கேட்டீர்கள். நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் உங்களிடம் உள்ள நேரத்தை அதில் கொட்டிவிடாதீர்கள். உங்களுக்கு யாரைப் பற்றிக் கவலையோ அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் இதைவிட மோசமாகச் செய்தோம். முகாம் போட்டு, கேள்வித்தாள் வைத்து, ஒரே நாளில் ஏராளமான முதியவர்களைக் கேள்வி கேட்டோம். பலர் அழுதார்கள். சிலர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிலவற்றைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அடுத்து யார் வருவார் என்பதற்கு எங்களிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. சில மாதம் கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனபோது ஒரு பாட்டி, "அன்னிக்கு எல்லாம் கேட்டீங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஏற்பாடு இல்லாமல் நான் யாரிடமும் கேள்வித்தாளை நீட்டுவதில்லை.

கேள்வித்தாள் உதவாது என்று அர்த்தமில்லை. முதியோருக்கென்றே செய்த மனச்சோர்வு அளவுகோல் ஒன்று 1980களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் சுருக்க வடிவில் 15 கேள்வி, எல்லாமே ஆம், இல்லை என்று பதில் சொல்லும்படி. தூக்கம், பசி போன்ற உடம்பு விஷயங்களை வேண்டுமென்றே தவிர்த்துச் செய்தது, ஏனென்றால் முதுமையில் அவை வேறு காரணத்தாலும் கெடும். 5க்கு மேல் போனால் மருத்துவர் பார்ப்பது நல்லது. பழக்கப்பட்ட செவிலியர் யாராவது உங்களுக்கு இதைக் கேட்கக் கற்றுத்தரட்டும். நோய் இருக்கிறது என்று சொல்வதற்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கேட்டு, எண் இறங்குகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஒழுங்காகப் போய்வந்தும் எண் இறங்கவில்லை என்றால், அந்த அரை நாள் பயணம் போய்த்தான் ஆக வேண்டும். நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தமில்லை, அவருக்கு வேறு சிகிச்சையும் தேவை என்று அர்த்தம்.

யாருக்கு உதவி தேவை என்று எப்படித் தெரியும்? இதற்கு எனக்குப் பிடித்த யோசனை அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1978இல் தொடங்கியது. தபால்காரர், மின் மீட்டர் பார்ப்பவர், வங்கி ஊழியர் போன்றவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் சிகிச்சை எதுவும் செய்ய வேண்டாம். வேலையில் கண்ணில் படுவதை ஓர் எண்ணுக்குச் சொன்னால் போதும்: எடுக்காமல் கிடக்கும் கடிதங்கள், திடீரென்று அலங்கோலமான வீடு, ஆள் மெலிந்துபோனது. அங்கே கண்டறியப்பட்ட முதியவர்களில் கணிசமானோர் வேறு எந்த வழியிலும் தெரியவராதவர்கள், தனியாக வசிப்பவர்கள். உங்கள் ஊரிலும் எல்லா வாசலுக்கும் போகிற நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், நீங்கள் நடத்தப்போகிற கூட்டத்தைவிட அதிகம் கிடைக்கும்.

தற்கொலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பெரும்பாலான நாடுகளில் தற்கொலை விகிதம் முதியவர்களிடம்தான் அதிகம். இளையவர்களைவிடக் குறைவாக முயல்கிறார்கள், முயன்றால் பிழைப்பது குறைவு. "செத்துப்போனா நல்லாருக்கும்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை முடிச்சுக்கணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். தோன்றுகிறது, எப்படி என்றும் யோசித்திருக்கிறேன் என்றால், அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அன்றைக்கே குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. விவசாயக் கிராமத்தில் பூச்சிமருந்து பெரிய அபாயம். 1990களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த இலங்கையில், அடுத்த இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது. ஆனால் அதே நாட்டில் 180 கிராமங்களில், வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்து மருந்தைப் பூட்டி வைக்கச் சொன்ன பெரிய சோதனை 2017இல் வெளியானபோது, அதனால் மருந்து குடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் சோர்வில் இருப்பவர் வீட்டில் பெட்டிக்குப் பூட்டுப் போடுவதைவிட, பூச்சிமருந்தே அந்த வீட்டில் இல்லாமல் செய்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

இன்னும் சந்தேகத்தில் இருக்கிற விஷயங்களையும் சொல்ல வேண்டும். சும்மா போய்ப் பேசிவிட்டு வரும் நட்புச் சந்திப்புகளால் பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறிய பலன். தொலைபேசி அழைப்புக்குக் கொஞ்சம் நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்து 2021இல் வெளிவந்த ஒரு சோதனையில், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் சேவையில் இருந்த 240 பேரில் பாதிப் பேரை, சுருக்கமாகப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வாரம் பல தடவை அழைத்து, அவர்கள் பேச விரும்பியதைப் பேசினார்கள். நாலு வாரத்திலேயே தனிமையுணர்வும் சோர்வும் குறைந்தன. நாலு வாரத்துக்குப் பிறகு அது நிலைக்குமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆண்கள் விஷயம் எங்கேயும் கடினம். ஜப்பானின் சில கிராமப்பகுதிகளில் முதியோரைப் பரிசோதித்து, தொடர்ந்து கவனித்து, ஒன்றுகூட வைத்தபோது பெண்களிடம் தற்கொலை குறைந்தது தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் அந்த அளவுக்குத் தெளிவில்லை. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஆண்களுக்கான பட்டறைகளில் மனசைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. மரவேலை செய்கிறார்கள், பழுது பார்க்கிறார்கள், பேச்சு தானாக வருகிறது. கலந்துகொண்டவர்கள் நல்லபடியாகவே சொல்கிறார்கள், ஆனால் வலுவான ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. என் சொந்த அனுபவத்தில் ஆண்களை எதிரெதிரே உட்கார வைத்தால் பேச்சு வராது. பக்கத்தில் நின்று கையில் ஏதாவது வேலை கொடுத்தால் வரும்.

மருந்து பற்றி நான் அதிகம் பேசக் கூடாது. இரண்டு விஷயம் மட்டும். மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. அதற்குள் "ஒண்ணும் கேக்கலை" என்று பாதிப்பேர் நிறுத்திவிடுவார்கள், அங்கே உங்கள் வாரச் சந்திப்பு பெரிய உதவி. அடுத்தது, இந்த மருந்துகளில் சில முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும், நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் கூடுதல். மருந்து தொடங்கிய முதல் சில வாரத்தில் புதிதாகக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழைய சீட்டை வைத்துக் கூடுதலாக வாங்கித்தரவும் வேண்டாம்.

உங்கள் ஆறு பேரைப் பற்றி. ஆளுக்கு ஒருவர் அல்லது இருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செவிலியரோ மருத்துவரோ மாதம் இரண்டு தடவையாவது உங்களோடு பேச ஒப்புக்கொண்ட பிறகு தொடங்குங்கள், தொலைபேசியில் பேசினாலும் போதும். அவர் இல்லாமல் தொடங்குவதாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வீட்டில் கேட்டதை ஊரில் பேசக் கூடாது. சின்ன ஊரில் ஒரு கசிவு போதும், எல்லாக் கதவும் மூடிவிடும். சொத்து, பணம், கையெழுத்து எதிலும் தலையிடாதீர்கள். முதியவரை வீட்டிலேயே யாரோ அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்று தெரிந்தால் அது வேறு விவகாரம், மனச்சோர்வுப் பயிற்சியால் தீராது, அதற்கான அதிகாரிகளிடம் போக வேண்டும். உங்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே முதியவரிடம் சொல்லி, அடுத்தவரை உடன் அழைத்துப்போய் இரண்டு மூன்று சந்திப்பு சேர்ந்தே செய்யுங்கள்.

கதவைத் திறக்காத அந்த ஒருவரைப் பற்றிக் கடைசியாக. அவரோடு ஆரம்பிக்காதீர்கள். முதலில் ஓரளவு பேசுகிற இருவரோடு இரண்டு மாதம் பழகிக்கொள்ளுங்கள். அதுவரை அவர் வாசலைக் கடந்து போகும்போது, ஒவ்வொரு வாரமும் அதே நாளில், பெயரைச் சொல்லி, "நான்தான், அடுத்த வியாழக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சொன்ன வியாழக்கிழமை போய்விடுங்கள், மழையாக இருந்தாலும். பதில் வரவில்லை என்றாலும் உள்ளே நடமாட்டம் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அப்போது காத்திருக்கக் கூடாது, ஆட்களைக் கூப்பிடுங்கள். நான் இப்படி ஒரு வீட்டு வாசலில் ஒன்பது வாரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். பத்தாவது வாரம் வேறு அவசரத்தில் ஒரு நாள் தள்ளிப் போனேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "நேத்துல்ல வரணும்?"